அப்பாவின் லேப்டாப்பில் எந்த பிரவுசர்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. விண்டோஸ் 10 லேப்டாப்பில் குரோம் வைத்துப் பேப்பர் படிப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, பேங்க் கணக்குப் பார்ப்பது எல்லாம் அவரே செய்துகொள்கிறார். கொஞ்ச நாளாகத் திரையின் வலது மூலையில் "வைரஸ் இருக்கிறது" என்று ஏதோ வந்துகொண்டே இருக்கிறது. ஃபயர்பாக்ஸுக்கு மாறுங்கள் என்றால், "இருக்கறது நல்லாத்தானே ஓடுது" என்று எரிந்து விழுகிறார். தம்பி பிரேவ் என்கிறான், ஆபீஸில் ஒருவர் உலா என்கிறார். எதைப் போடுவது? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த மூலை அறிவிப்பை முடித்துவிடுவோம். பெரும்பாலும் அது வைரஸ் கிடையாது. ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்டபோது அப்பா "அலோ" அழுத்தியிருப்பார். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு பயமுறுத்தும் விளம்பரங்களை அனுப்புகிறார்கள். குரோமில் வலது ஓரத்து மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் வரும். கேள்விப்படாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று அங்கேயே அடைத்தும் வைக்கலாம். அதுவரை அந்த அறிவிப்பைத் தொட வேண்டாம், அதில் வரும் எண்ணுக்குப் போன் செய்யவே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.

இதற்காக பிரவுசரை மாற்றத் தேவையில்லை. "மாற்றினால் இது போய்விடும்" என்று சொல்லி மாற்றினால், புதியதிலும் அவர் அலோ அழுத்துவார், அதிலும் இதே வரும். அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

மாறுவதற்கு நான் சொல்லும் காரணம் விளம்பரம். செய்தித் தளங்களில் "டவுன்லோடு" பட்டன் மாதிரியே வேஷம் போட்ட விளம்பரங்கள் வருகின்றன. பேங்க்கின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினால், போலி எண் போட்ட விளம்பரம் மேலே வந்து நிற்பதும் உண்டு. வயதானவர்கள் பணத்தை விடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். இவற்றைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்) இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை குரோம் மாற்றியதால் 2024, 2025-இல் அது அங்கே படிப்படியாக முடக்கப்பட்டது. இப்போது குரோமில் கிடைப்பது "லைட்" என்ற சுருக்கப் பதிப்பு. மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முழுப் பதிப்பு பிடிப்பதையெல்லாம் அது பிடிக்காது. ஃபயர்பாக்ஸில் முழுப் பதிப்பு இன்றும் ஓடுகிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். எட்ஜ், ஓபரா, பிரேவ், உலா எல்லாமே குரோமுக்கு அடியில் இருக்கும் அதே குரோமியம் என்ற அடிப்படை மென்பொருளின் மேல் கட்டப்பட்டவை. ஃபயர்பாக்ஸ், பக்கங்களைத் திரையில் காட்டும் தன் சொந்த இன்ஜினில் ஓடுகிறது. ஒரே பிரவுசர் ஆண்டால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்: 2001-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது, அடுத்த பதிப்புக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 2004-இல் ஃபயர்பாக்ஸ் வந்த பிறகுதான் போட்டி என்ற ஒன்றே திரும்பியது. ஆனால் இதை அப்பாவிடம் சொல்லாதீர்கள். இது உங்களுக்கான காரணம், அவருக்கானது அல்ல.

தம்பி சொல்லும் பிரேவும் தவறான யோசனை இல்லை. விளம்பரத் தடுப்பு அதிலேயே இருக்கிறது, பார்க்க குரோம் மாதிரியே இருக்கும். கூடவே வரும் கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் சமாச்சாரங்களை மட்டும் கண்ணில் படாமல் மறைத்துவையுங்கள். உலா சென்னையின் ஜோஹோ நிறுவனம் 2023-இல் கொண்டுவந்தது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025-இல் ஜோஹோ அணிக்குத்தான் முதல் பரிசு. வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி மோடு வைத்திருக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பிள்ளைகளும் பயன்படுத்தும் வீட்டுக்கு அது நல்ல தேர்வு.

இனி அப்பா விஷயம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: கை பழகிய ஒன்று நன்றாக ஓடும்போது அதை எதற்குத் தொட வேண்டும்? அதனால் குரோமை எடுக்காதீர்கள், அது இருக்கட்டும். அவர் இல்லாத நேரத்தில் மாற்றிவைக்கவும் கூடாது. மறுநாள் காலையில் பேப்பர் திறக்கவில்லை என்றால் அன்றோடு கதை முடிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஃபயர்பாக்ஸை, அதை உருவாக்கும் மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பிலிருந்து வேண்டாம். புக்மார்க், பாஸ்வேர்டுகளைக் குரோமிலிருந்து கொண்டுவர செட்டிங்ஸில் இம்போர்ட் வசதி இருக்கிறது. பாஸ்வேர்டுகள் அப்படி வராமல் சிஎஸ்வி ஃபைலாக எடுக்க நேர்ந்தால், அந்த ஃபைலைத் திறக்கும் யாருக்கும் எல்லா பாஸ்வேர்டும் அப்படியே தெரியும். வேலை முடிந்ததும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

குரோமில் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருந்தாரோ, இதிலும் அதே அளவு வையுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். பெரியவர்கள் "இது சரியில்லை" என்பதில் பாதி எழுத்தின் அளவுதான். யூபிளாக்கைப் போட்டுவிட்டு, அவர் தினமும் படிக்கும் பேப்பரின் தளத்தை இரண்டு பிரவுசரிலும் அடுத்தடுத்துத் திறந்து காட்டுங்கள். ஒன்றில் செய்திக்கு நடுவே வீடியோ குதிக்கும், மூட வேண்டிய எக்ஸ் குறி கண்ணுக்கே தெரியாது. இன்னொன்றில் செய்தி மட்டும் இருக்கும். நீங்கள் எதுவும் பேசத் தேவையிருக்காது. ஃபயர்பாக்ஸை டீஃபால்ட் (இணைப்புகள் தானாகத் திறக்கும் பிரவுசர்) ஆக்குவதை அவராகவே கேட்கும்வரை தள்ளிப்போடுங்கள்.

ஃபயர்பாக்ஸில் தமிழ் எழுத்து உடையும் என்று அவருக்குப் பழைய நினைவு இருக்கலாம். இரண்டு ஓரமும் சமமாக நிற்கும் பத்திகளில் ஒரு காலத்தில் கொம்பும் காலும் தனித்தனியே நின்றது உண்மை. மூன்றாம் பதிப்போடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, பாதுகாப்பு அப்டேட்கள் முன்போல் தானாக வராது. எந்த பிரவுசர் போட்டாலும் அந்த ஓட்டை அடைபடாது. அதற்குத் தனியாக வழி பாருங்கள்.

கேள்வி: எல்லா பிரவுசரும் இலவசம்தான். அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பகுதி தேடலிலிருந்து. பிரவுசரிலும் போனிலும் தன் தேடலையே டீஃபால்ட்டாக வைக்க, 2021-இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியே வந்தது. அந்த வழக்கில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பானது. ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பங்கு கூகுள் தருவதுதான். இதைத் தெரிந்துகொண்டே ஃபயர்பாக்ஸைப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் அதன் உரிமை லாபநோக்கற்ற ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. டீஃபால்ட் தேடலை டக்டக்கோ மாதிரி வேறொன்றுக்கு மாற்றுவது உங்கள் கையில்.

கேள்வி: போனிலும் மாற்ற வேண்டுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆண்ட்ராய்டு என்றால் மாற்றலாம். அங்கே குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் உட்படப் பலவற்றைப் போடலாம். ஐபோனில் நம் ஊரில் எந்த பிரவுசர் வாங்கினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற இன்ஜின்தான், அதனால் சஃபாரியிலேயே ஒரு விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொண்டால் போதும். பழைய போனில் யூசி பிரவுசர் இன்னும் கிடந்தால் எடுத்துவிடுங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. பிளே ஸ்டோர் வழியாக அதற்கு இனி அப்டேட் வராது.