சிங்கராஜாவின் பறவைக்கூட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நண்பர்களுடன் இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போயிருந்தேன். காலை முழுக்க நடந்தும் மரமும் ஈரமும் அட்டையும்தான். பிறகு திடீரென நாலாபுறமும் பறவைகள். சில நிமிடங்களில் ஒன்றுகூட இல்லை. எடுத்த படங்களெல்லாம் இருட்டு, கலங்கல். கைபேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் கூடாது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தவளைவாயன் என்ற இரவுப் பறவையை ஃப்ளாஷ் போட்டு எடுக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் பார்த்ததுதான் அந்தக் காட்டின் இயல்பு. பல இனப் பறவைகள் ஒன்றுகலந்து, ஒரே கூட்டமாக இரைதேடிப் போகும் காடு அது. பறவை ஆய்வாளர் சரத் கொட்டகமவும் அவருடன் இணைந்தவர்களும் 1980களிலிருந்து இக்கூட்டங்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகள், பத்துக்கு மேற்பட்ட இனங்கள். புதர்மட்டத்தில் ஓயாமல் சளசளத்துக்கொண்டு ஆரஞ்சு அலகுச் சிலம்பன்கள் போகும். அவை கிளறிவிடும் பூச்சிகளுக்காகச் சற்று மேலே கொண்டைக் கரிச்சான் காத்திருக்கும். நடுக்கிளையில் தீக்காக்கை, உச்சியில் செம்முகப் பூங்குயில்.

உங்கள் நண்பருக்கான பதில் இந்தக் கரிச்சானிடம் இருக்கிறது. அது மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். கூட்டத்துப் பறவைகளின் குரலை அது பாடும்போது அவை அதை நோக்கி வருகின்றன என்பதைக் கொட்டகமவும் சக ஆய்வாளர் ஏபன் குடேலும் ஒலிப்பதிவுகளைக் கொண்டு சோதித்துக் காட்டினார்கள். ஆபத்து நேரத்தில் பிற பறவைகளின் அபாயக் குரலையும் அது எழுப்பும். யார் எங்கே இருக்கிறார், எப்போது ஒளிய வேண்டும் என்பதெல்லாம் குரலால்தான் தீர்மானமாகிறது. அதற்குள் நாம் கைபேசியை நீட்டுவது ஊரார் நம்பியிருக்கும் தண்டோராவைப் பொழுதுபோக்குக்கு அடிப்பது போன்றது. எல்லை காக்கும் பறவையோ அந்தக் குரலை நம்பி, இல்லாத எதிரியைத் தேடி இரையையும் கூட்டையும் விட்டு வரும். சோதனைக்காக ஆய்வாளர்கள் அளவோடு செய்ததை ஒவ்வொரு பயணியும் தினமும் செய்தால் என்ன ஆகும் என்று அவரைக் கேளுங்கள்.

தவளைவாயனுக்கு ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பகலில் காய்ந்த இலைபோல அசையாமல் இருப்பதே அதன் பாதுகாப்பு. படம் தெளிவாக வர வேண்டுமென்று முன்னாலிருக்கும் கிளையை யாராவது விலக்கினால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். அது அசையாமல் உட்கார்ந்திருப்பதால் மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கி) கேமராவை நிறுத்தி 1/60 நொடியிலேயே எடுத்துவிடலாம்.

மற்றவற்றுக்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 3200, 6400 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். அதனால் புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆடிய படத்துக்கு வழி குறைவு. வெளுத்த வானத்துக்கு எதிரே பறவை அமர்ந்தால் எக்ஸ்போஷரை ஒரு படியாவது கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெறும் நிழலுருதான் கிடைக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் காட்டுக்குள் எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பைக்குள் வைத்தபடியே சற்று நேரம் வெளியில் விடுங்கள்.

குடாவ நுழைவாயிலிலிருந்து உள்ளே போகும் அகலமான பாதையை நினைவிருக்கிறதா? 1970களில் மரம் வெட்டிக் கொண்டுபோகப் போட்ட தடம் அது. எதிர்ப்பு வலுத்து, 1977இல் வெட்டுவது நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலிலும் காடு சேர்ந்தது. அந்தத் திறப்பில்தான் ஓரளவு வெளிச்சம் விழுகிறது. அடுத்தமுறை நடையைக் குறைத்து அங்கேயே நில்லுங்கள். சிலம்பன்களின் சளசளப்பு கேட்டதும் ஓடாதீர்கள். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டு, கூட்டம் பாதையைக் கடக்கக்கூடிய இடத்துக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். முதலில் வரும் சிலம்பன்களிலேயே எல்லாப் படங்களையும் செலவழிக்காமல் மேல்கிளைகளையும் பாருங்கள். பூங்குயில் சத்தமில்லாமல் வரும்.

ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மழை சற்றுக் குறைவு. குடை, அட்டை கடிக்காமலிருக்கப் போடும் காலுறை இரண்டும் அப்போதும் வேண்டும்.