தாத்தாவின் பிஎஸ்ஏவும் பழைய மெயின் ரோடும்

வணக்கம் ஐயா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். என் தாத்தா 1950களில் வாங்கிய பிஎஸ்ஏ பி31 மோட்டார்சைக்கிள் எங்கள் கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் பல வருடம் கிடந்தது. ஒரு வழியாக அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து நாள் முழுக்க எங்காவது போய்வர ஆசை. டிராக்கன்ஸ்பெர்க் மலை வரை போய் அன்றே திரும்பிவிட முடியுமா? என்3 நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்கிறார்கள் நண்பர்கள். இவ்வளவு வயதான வண்டியை மலையில் ஏற்றாதே என்கிறார் அப்பா. எந்த வழியாகப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எங்கெல்லாம் நிற்கலாம் என்று சொல்லுங்கள்.

கே., ஃபீனிக்ஸ்

அன்புள்ள கே.,

டிராக்கன்ஸ்பெர்க் வேண்டாம். போக 200 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. 348 சிசி ஒற்றை சிலிண்டர், அதில் இரண்டு பேர் என்றால் மணிக்கு 70 கிலோமீட்டரில் நிம்மதியாக ஓடும், அதற்கு மேல் இழுத்தால் வண்டியும் நீங்களும் சேர்ந்து களைத்துப்போவீர்கள். என்3-இல் வேக எல்லை 120. டர்பன் துறைமுகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவில் ஓடும் லாரிகள் எல்லாம் அதில்தான். அந்த லாரிகள் பின்னால் நெருக்கிக்கொண்டு வரும்போது அப்பா எதைப் பார்ப்பார்? உங்கள் தோளைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்.

பழைய மெயின் ரோட்டில் போங்கள். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி, ஹில்க்ரெஸ்ட், போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இன்சாங்கா, கேட்டோ ரிட்ஜ், கேம்பர்டவுன் என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் ரோடு. காம்ரேட்ஸ் மராத்தான் ஓடுகிறவர்களுக்கு இதன் ஒவ்வொரு மேடும் பெயரோடு தெரியும். ஃப்ரீவே வருவதற்கு முன்னால் டர்பனிலிருந்து உள்நாட்டுக்குப் போன முக்கியமான ரோடு இதுதான், உங்கள் வண்டியைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்ததும் இந்த மாதிரி வளைந்து நெளிந்து ஏறி இறங்கும் ரோட்டைத்தான். மூன்றாவது கியரில் அது ஏறும் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். வண்டி ஏறும், அதில் சந்தேகம் வேண்டாம். 300 மீட்டர் உயரத்துக்கு சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். ஹோவிக் 1000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அதனால் மேலே போகப் போகப் பத்தில் ஒரு பங்கு இழுவை போய்விட்ட மாதிரி இருக்கும், காற்று மெலிவதால் பெட்ரோல் கலவையும் கொஞ்சம் தடிக்கும். அதற்காகக் கார்புரேட்டரைத் திறந்து திருகாதீர்கள், கீழே இறங்கியதும் தானாகச் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நீண்ட சரிவில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுக்கும். ஃபீல்ட்ஸ் ஹில் சாதாரண இறக்கமில்லை. 2013 செப்டம்பரில் ஒரு லாரி அங்கே கட்டுப்பாடு இழந்து 24 பேர் இறந்தார்கள். அதனால் அந்த மலையை ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வர வேறு வழி சொல்கிறேன்.

இன்னொன்று, இதை அப்பாவிடம் சொல்லாவிட்டாலும் நீங்கள் மறக்கக் கூடாது. உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது பைக் ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் தப்பான பக்கம்தான் அழுத்தும். ஆள் இல்லாத கார் பார்க்கிங்கில் திரும்பத் திரும்ப நிறுத்திப் பழகுங்கள், யோசிக்காமல் இடது கால் போகும் வரை. அது வந்த பிறகுதான் அப்பாவை ஏற்ற வேண்டும்.

எங்கே நிற்பது என்று கேட்டிருக்கிறீர்களே, எனக்கு அதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும் போலிருக்கிறது. 1913-இல் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே மோட்டார்சைக்கிள் பந்தயம் ஒன்று தொடங்கி 1936 வரை நடந்தது. அதன் நினைவாக இப்போதும் டிஜே ரன் என்று ஆண்டுதோறும் பழைய வண்டிகள் கிளம்புகின்றன, 1936 வரை செய்யப்பட்டவை மட்டும். நம் ஊர் பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த 1913 தெரியும். அதே 1913 நவம்பரில்தான் இந்தியர்களான நம்மவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளுமாக, நம் நேட்டால் மாகாணத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் எல்லையை நடந்தே தாண்டிக் கைதானார்கள். அனுமதியில்லாமல் தாண்டியதுதான் குற்றம். அந்த அனுமதிச் சீட்டு முறை 1970களின் நடுப்பகுதி வரை இருந்தது. அதாவது உங்கள் தாத்தா தன் சொந்த வண்டியில், தன் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் போக ஆசைப்பட்டிருந்தாலும் முதலில் ஒரு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்க வேண்டும். நேட்டாலுக்குள்ளே ஓட்டியிருப்பார், ஆனால் வழியில் எங்கே இறங்கி உட்கார்ந்திருப்பார்? 1953-இல் வந்த தனி வசதிச் சட்டம் பெஞ்ச், கழிப்பறை, கடற்கரை வரைக்கும் இனம் பார்த்துப் பிரித்தது, அது போனது 1990-இல். அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் பயணம் என்றால் ரொட்டியும் கறியும் டின்னில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள், ரோட்டோர மரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேறு வழியில்லாத மரத்தடி அது.

ஆகவே கே., நிறைய நில்லுங்கள். போத்தாஸ் ஹில்லில் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி தேநீர்க் கடைகள் இருக்கின்றன. நல்ல மேஜையாகப் பார்த்து அப்பாவை உட்கார வைத்து, அவர் கேட்பதை வாங்கிக் கொடுங்கள். பழைய எஞ்சினுக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆறவிடுவது நல்லது, எண்ணெய் எங்காவது கசிகிறதா, நட்டு எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் நேரம் கிடைக்கும். கீழே தெரிகிற பள்ளத்தாக்கு உம்கேனி ஆறு அறுத்தது. நீங்கள் ஃபீனிக்ஸிலிருந்து டர்பன் நகருக்குள் போகும்போது பாலத்தில் தாண்டுகிற அதே ஆறுதான். அதே ஆறு ஹோவிக்கில் 95 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதை மதியத்துக்குள் பார்த்துவிடலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ரயில் நிலையத்தை எல்லோரும் காட்டுவார்கள், 1893 ஜூன் 7 இரவு காந்தியை இறக்கிவிட்ட இடம். பார்க்கலாம். அதைவிட அங்குள்ள மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள் என்பேன், புனித வெள்ளி தீமிதிக்குப் பெயர் பெற்ற கோவில், உங்கள் அப்பா சின்ன வயதில் வந்திருக்கவும் கூடும். கேட்டுப் பாருங்கள்.

ஹோவிக்கைத் தாண்டி ஆர்103 ரோட்டில் சில கிலோமீட்டர் போனால் மண்டேலா பிடிபட்ட இடம். 1962 ஆகஸ்ட் 5. டிரைவர் வேஷத்தில் காரில் ஜோகன்னஸ்பர்க் திரும்பிக்கொண்டிருந்தார். முந்தின இரவு அவர் விருந்து சாப்பிட்டது டர்பனில், புகைப்படப் பத்திரிகையாளர் ஜி. ஆர். நாயுடு வீட்டில். அங்கே 50 எஃகுத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். கிட்டே போனால் வெறும் கம்பிகள், 35 மீட்டர் தள்ளி நின்றால் மண்டேலாவின் முகம் தெரியும். அந்த ஒரு இடத்தில் அப்பா நின்று பார்ப்பதற்குள் அவசரப்படுத்தாதீர்கள். இதுதான் உங்கள் எல்லை. இங்கிருந்து வண்டியைத் திருப்புங்கள், மலை இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று யாராவது சொன்னாலும்.

திரும்பும் வழி: ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் இறங்குவது செங்குத்து, அதைத் தவிர்க்க முடியாது. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள், எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டுப் போடுங்கள். அப்புறம் ஆர்33-இல் ஆல்பர்ட் ஃபால்ஸ், அங்கிருந்து ஆர்614 பிடித்து வார்ட்பர்க் வழியாக டொங்காட். ஏறி ஏறி இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போகும் ரோடு. மொத்தச் சுற்று 250க்கும் 300 கிலோமீட்டருக்கும் நடுவில் வரும், இந்த வண்டிக்கு ஒரு முழு நாள். வார்ட்பர்க் ஜெர்மானியர் குடியேறிய ஊர், அதைச் சுற்றித் தொடங்கும் கரும்பு டொங்காட் வரை உங்களை விடாது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததே இந்தக் கரும்புக்காகத்தான். என்னைக் கேட்டால், நேட்டாலில் இதைவிட அழகான ரோடுகள் உண்டு, ஆனால் நம்மவர் ஒருவர் பழைய வண்டியில் மெதுவாகப் போக வேண்டிய ரோடு இது. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் வெறும் பச்சைச் சுவர். பைக்கில் வெட்டின கரும்பின் வாசனை, எரித்த தோகையின் கரி வாசனை, சிவப்பு மண் எல்லாம் மூக்குக்கு வரும். எங்காவது ஓரமாக எஞ்சினை அணைத்துவிட்டு நின்று, அந்த வரிசைகளுக்குள் காலை முதல் இருட்டும் வரை குனிந்து வெட்டியவர்களைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு அந்த ரோட்டில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

கரும்பு லாரிகள் ஆலைக்காலத்தில் நிறைய வரும், குழிகளும் உண்டு. வளைவில் வேகம் வேண்டாம். வழியில் பழுதானால் உதவி கிடைக்க நேரமாகும், எனவே ஒரு நண்பரைக் காரில் பின்னால் வரச் சொல்லுங்கள். உதிரி பிளக், கிளட்ச் கேபிள், பஞ்சர் சாமான், ஒரு லிட்டர் எண்ணெய் அதில் இருக்கட்டும். அப்பாவுக்கு முதுகு வலித்தாலும் அந்தக் காரில் மாறிக்கொள்ளலாம், தகப்பனைப் பின்சீட்டில் நாள் முழுக்க வைத்தே தீர வேண்டும் என்று இல்லை.

மே முதல் ஆகஸ்ட் வரை, நம் குளிர்காலத்தில் போங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மேற்கே இடி மழை, ஹில்க்ரெஸ்டிலும் ஹில்டனிலும் மூடுபனி. குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், உங்கள் 6 வோல்ட் விளக்கு இருட்டில் போதாது. காலை ஏழு மணிக்குக் கிளம்பி நான்கரைக்குள் டொங்காட்டில் இருக்க வேண்டும். நேரம் போதவில்லை என்றால் ஹோவிக்கோடு திரும்பிவிடுங்கள், வார்ட்பர்க் ரோட்டைக் குறைக்காதீர்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். காம்ரேட்ஸ் நடக்கும் நாளாக மட்டும் இருக்கக் கூடாது, அன்று அந்த ரோடு முழுக்க ஓடுகிறவர்களுக்கு.