மாவு பூசிக்கொண்டு மேடையேறிய வீரர்

கேள்வி: 1930-களில் நடந்த, அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸ் – ஜெர்மன் வீரர் மேக்ஸ் ஷ்மெலிங் குத்துச்சண்டை மோதல்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். அதே காலத்தில் ஜெர்மனிக்குள்ளேயே இருந்த சிறுபான்மை இனக் குத்துச்சண்டை வீரர்களின் கதி என்னவாயிற்று?

பதில்: 1933-இல் ஹிட்லர் பதவியேற்ற கையோடு ஜெர்மன் குத்துச்சண்டைச் சங்கம் யூதர்களை வெளியேற்றியது. எரிக் ஸீலிக் என்ற யூத வீரரின் லைட் ஹெவிவெயிட் எடைப்பிரிவு ஜெர்மன் சாம்பியன் பட்டம் காலியானது அப்படித்தான். அந்தப் பட்டத்துக்காக அவ்வாண்டு ஜூன் 9 அன்று பெர்லினில் அடோல்ஃப் விட் என்பவரும் யோஹான் ட்ரோல்மனும் மோதினார்கள். ட்ரோல்மன், ‘ஜிப்சிகள்’ என்று அழைக்கப்பட்டுவந்த ரோமா மக்களின் ஒரு பிரிவான சின்டி இனத்தவர். சுழன்று சுழன்று ஆடி எதிராளியைக் களைக்கவைப்பது அவர் பாணி. அதை ‘ஜெர்மானியத் தன்மையற்ற துள்ளல்’ என்று நாஜி ஆதரவு ஏடுகள் ஏசிவந்தன. (அதே கால்வேகத்துக்காகத்தான் பின்னாளில் முகமது அலியை உலகம் கொண்டாடியது.) அன்று புள்ளிகளில் ட்ரோல்மனே முன்னிலையில் இருந்தும் யாருக்கும் வெற்றியில்லை என்று அறிவித்தார்கள். கூட்டம் கொதித்தெழவே, வேறு வழியின்றிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். அவர் மேடையிலேயே அழுதுவிட்டார். சில நாட்களில், ஆட்டம் தரமாக இல்லை, சாம்பியன் அழுதது தகாத செயல் என்றெல்லாம் காரணம் சொல்லிப் பட்டத்தைப் பறித்தார்கள். இனத்தைக் காட்டிப் பறிக்கக் கூசியவர்கள் விளையாட்டு விதியின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

ஜூலை 21-இல் குஸ்டாவ் ஏடருடன் அடுத்த போட்டி. துள்ளாமல் நின்று ஆடாவிட்டால் உரிமம் பறிபோகும் என்ற மிரட்டல் இருந்தது. ட்ரோல்மன் தலைமுடிக்குப் பொன்னிறச் சாயமேற்றி, உடலெங்கும் வெள்ளை மாவு பூசிக்கொண்டு, நாஜிகள் போற்றிய ‘ஆரிய’ வீரனின் கேலிச்சித்திரமாகவே வந்து நின்றார். நின்ற இடத்தை விட்டு நகராமல் அடிகளை வாங்கி, ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். பின்னர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானார், ராணுவத்தில் சேர்க்கப்பட்டார், 1942-இல் நொய்யன்காம வதைமுகாமில் அடைக்கப்பட்டார். 1944-இல் அதன் கிளை முகாமொன்றில் அடித்துக் கொல்லப்பட்டார். 2003-இல்தான் சாம்பியன் பட்டை அவர் குடும்பத்தாரிடம் வந்துசேர்ந்தது.

கேள்வி: அப்படியானால் ஷ்மெலிங்கும் நாஜிதானே?

பதில்: இல்லை. அவர் கட்சியில் சேரவில்லை. யூதரான மேலாளர் ஜோ ஜேகப்ஸை விலக்கச் சொன்னபோதும் விலக்கவில்லை. 1938 நவம்பரில் யூதர்கள் மீது நாஜிகள் ஏவிய வன்முறையின்போது இரண்டு யூதச் சிறுவர்களைத் தம் ஓட்டல் அறையில் ஒளித்துவைத்தார். ஆனால் 1936-இல் லூயிஸை வென்று திரும்பியதும் ஹிட்லரோடு விருந்துண்டவரும் அவரே. ஆகவே அவரை எதிர்ப்பாளர் என்று கொண்டாடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.