ஆப்பை அழித்தால் பணம் நிற்குமா?

கேள்வி: கேபிளுக்கு மாதம் 280 ரூபாய் ஆகிறது. ஓடிடிக்கு மாறினால் மிச்சமா? (மதுரை)

பதில்: கூட்டிப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் திட்டம் போன், டேப்லெட்டுக்குத்தான், டிவிக்கு 199. அமேசான் பிரைம் வருடத்துக்கு 1,499, அதாவது மாதம் 125. இரண்டுக்கே 324 ஆச்சு. சீரியலுக்கு இன்னொரு சந்தா, அப்புறம் பிராட்பேண்ட் பில். இரவு ஏழு மணிக்கு ரிமோட் யார் கையில் இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லையே! சீரியலே வேண்டாம், நெட் ஏற்கெனவே இருக்கிறது என்றால் ஒரே ஒரு ஓடிடியோடு நிறுத்துங்கள், மிச்சம்தான்.

கேள்வி: பிரைமுக்கு வருடச் சந்தா கட்டியும் படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறதே? (திருப்பூர்)

பதில்: 2025 ஜூனிலிருந்து அப்படித்தான். வேண்டாமென்றால் வருடத்துக்கு இன்னொரு 699. கட்டுமுன் படித்திருக்கலாம்.

கேள்வி: ஆப்பை அழித்து நான்கு மாதம் ஆகிறது. இன்னமும் பணம் எடுக்கிறார்கள். (சேலம்)

பதில்: பேப்பர் போடுபவரிடம் சொல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் பேப்பர் நிற்குமா? ஆப் வேறு, சந்தா வேறு. கணக்குக்குள் போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' (தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) பகுதியிலும் நீக்குங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வரத்தான் செய்கிறது, நகைக்கடன் விளம்பரங்களுக்கு அடியில் புதைந்து! சேர ஒரு பட்டன், விலக ஐந்து திரை, 'நிஜமாகவே போகிறீர்களா?' என்று ஒரு கேள்வி. கிரிக்கெட்டுக்காக ஒரே ஒரு மாதம் என்று ஏப்ரலில் சேர்ந்த நான் தீபாவளி வரை கட்டினேன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

கேள்வி: ஓடிடி வேலை செய்யவில்லையென்று நெட்டில் கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு அம்மா பேசினார். ஏதோ ஆப்பை இறக்கச் சொல்லி 18,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். (நாகர்கோவில்)

பதில்: அம்மாவைத் திட்டாதீர்கள். படித்தவர்களே ஏமாறுகிறார்கள். இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தகவல் கொடுத்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கேள்வி: கேபிள்காரர் ரசீதே தருவதில்லை. பார்ப்பது எட்டு சேனல், வாங்குவது 350 ரூபாய். (தஞ்சாவூர்)

பதில்: 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்ததை நினைத்துப் பெருமூச்சு விட்டுப் பயனில்லை. 2019 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். எட்டையும் தாளில் எழுதிக் கொடுங்கள். ரசீது உங்கள் உரிமை, மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எல்லா ஓடிடியும் வருடத்துக்கு 499 என்கிறார். வாங்கலாமா? (கரூர்)

பதில்: வேண்டாம். நான் வாங்கினேன். பதினோராம் நாள் பாஸ்வேர்டு மாறிவிட்டது.