அலையும் பாறையும்: கடல் ஓவியக் கேள்வி பதில்

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் அலை வரைகிறேன். ஒளி ஊடுருவ வேண்டிய இடம் பச்சைச் சுவர் மாதிரி நிற்கிறது. என்ன குறை?

பதில்: முழு அலைக்கும் ஒரே பச்சையைப் பூசியிருப்பீர்கள். எழும் அலை அடியில் தடிப்பு, மேலே மெல்லிசு. அலைக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் மெல்லிய இடத்தில்தான் ஊடுருவும். ஆகவே உச்சிக்குச் சற்றுக் கீழே பச்சை பளிச்சென்று இருக்கும், இறங்க இறங்க இருண்டுவிடும். மேலே விரிடியன் என்ற நீலப்பச்சையோடு துளி மஞ்சளும் வெள்ளையும். அடியில் அல்ட்ராமரைன் என்ற அடர்நீலத்தோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. ஈரம் காயுமுன் இரண்டும் சேருமிடத்தை மென்மையான தூரிகையால் நீவிவிடுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் இந்த ஒளிர்வே வராது. சூரியன் எங்கே என்று முடிவு செய்யாமல் அலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: நுரைக்கு எந்த வெள்ளை?

பதில்: டைட்டானியம் வெள்ளை, வெயில் படும் இடத்துக்கு மட்டும். நிழல் பக்க நுரை நீலச்சாம்பல். எல்லாம் வெள்ளையானால் பஞ்சு மூட்டைதான்.

கேள்வி: பாறைக்குக் கறுப்பு பூசலாமா?

பதில்: வண்ணக் குழாயில் வரும் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். நனைந்த பகுதி காய்ந்ததைவிடக் கருமை. ஆனால் அதன் மேல்முகம் வானத்தின் நிறத்தை வாங்கி மினுங்கும். இங்கேயும் முதலில் சூரியன் எங்கே என்று பாருங்கள்.

கேள்வி: அக்ரிலிக்கில் நுரைக்குத் தனி வெள்ளை உண்டா?

பதில்: மேலே சொல்லியாயிற்று. அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் இருளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: புகைப்படம் பார்த்து வரைவது ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை. ஆனால் புகைப்படத்தில் நிழல் கறுத்துப்போகும், நுரை வெளுத்துப்போகும். அதை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

கேள்வி: அதெப்படி ஐயா? ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி நினைவிலிருந்துதானே வரைந்தார். புகைப்படமே கூடாது என்று சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். 1850இல் ‘ஒன்பதாம் அலை’ ஓவியத்தை வரைந்த அவர் கருங்கடல் ஓரத்து பியோதோசியாவில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து கடலைப் பார்த்த கண் அது. நமக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. கேமராவின் வேகமான ஷட்டர் துளிகளை உறைய வைக்கும், மெதுவானது நீரைப் புகையாக்கும். கண் பார்ப்பது இரண்டும் இல்லை. அதனால் வீடியோ எடுங்கள். ஓர் அலை எழுந்து, மடங்கி, உடைவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சின்னச் சின்னதாகப் பென்சிலில் கிறுக்குங்கள். அப்புறம் வீடியோவை மூடிவிட்டு வரையுங்கள். சண்டை போடும் நேரத்தில் பத்து அலை கிறுக்கிவிடலாம்.

கேள்வி: நுரை வெள்ளையாக அடித்தும் எடுபடவில்லையே?

பதில்: மறுபடியுமா! பக்கத்தில் இருட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சூரியன் எங்கே என்றும்.

கேள்வி: நீர்வண்ணத்தில் இதை எப்படிச் செய்வது?

பதில்: என் துறை இல்லை. அதில் நுரைக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவைப்பார்கள். மற்றதை நீர்வண்ணக்காரர்களிடம் கேளுங்கள்.