பேக்கேஜ் சிக்கல்கள்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பைதான் மொழியிலும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிலும் பிறர் எழுதிப் பகிரும் நிரல் தொகுப்புகளை, அதாவது பேக்கேஜ்களை, நிறுவுவது பற்றியவை. பிழைச்செய்தியை முழுமையாக, எழுத்துகளாகவே அனுப்புங்கள் என்று எத்தனையாவது முறையாகவோ கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில், பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கொண்டு எதை நிறுவ முயன்றாலும், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடுகிறது. ஒரு காணொளியில் பார்த்த 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற தெரிவைச் சேர்த்ததும் நிறுவ முடிகிறது. இப்படியே தொடரலாமா? (மாரத்தஹள்ளி)

பதில்: அந்தத் தெரிவின் பெயரைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கணினியின் பேக்கேஜ்களை உடை என்று நீங்களே ஆணையிட்டுவிட்டு, தொடரலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவை வெளிவந்த 2023 முதல் இந்தத் தடுப்பு இருக்கிறது. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் பைதானில் எழுதப்பட்டவை. இயங்குதளத்தின் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் வைத்த நூலகத்தை (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரலை) பிப் கொண்டுவரும் வேறொரு வெர்ஷன் மறைத்துவிட்டால், உங்கள் நிரலுக்குத் தொடர்பே இல்லாத ஒரு கருவி சில வாரங்கள் கழித்து நின்றுபோகும், அப்போது காரணம் உங்கள் நினைவுக்கு வராது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி வென்வ் (மற்றவற்றிலிருந்து பிரிந்த பைதான் சூழல்) உருவாக்கிக்கொள்ளுங்கள். சூடோவுடன், அதாவது நிர்வாகி உரிமையுடன், பிப்பை ஓட்டாதீர்கள்.

கேள்வி: நோட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம், யார்ன், பிஎன்பிஎம் ஆகிய மூன்றில் எது சிறந்தது? (பிடிஎம் லேஅவுட்)

பதில்: உங்கள் குழு ஏற்கெனவே எதைப் பயன்படுத்துகிறதோ அதுதான்.

கேள்வி: ஆப்ட் இன்னமும் பாதுகாப்பற்ற எச்டிடிபி முகவரியிலிருந்து இறக்குகிறதே, ஆபத்தில்லையா? (ஜெயநகர்)

பதில்: வழியில் இருப்பவர் நீங்கள் எதை இறக்குகிறீர்கள் என்று பார்க்கலாம், மாற்ற முடியாது. பட்டியல் கோப்பு கையொப்பமிடப்பட்டது, ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) அந்தப் பட்டியலின் வழியே சரிபார்க்கப்படுகிறது. ஆனால், கண்ட வலைப்பக்கத்தில் கிடைத்த, கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைச் சேர்த்துக்கொண்டவருக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது.

கேள்வி: பேக்கேஜ்களின் துல்லியமான வெர்ஷன்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை ரெப்போவில் (குழுவின் நிரல் களஞ்சியத்தில்) சேர்க்க வேண்டுமா? பலரது மாற்றங்களை இணைக்கும் ஒவ்வொரு மெர்ஜிலும் மோதல் வருவதால் நாங்கள் அதை அழித்துவிட்டோம். (கே.ஆர். புரம்)

பதில்: சேர்க்க வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், மோதல் வருகிறது என்று இதே காரணத்தைச் சொல்லி ஒருவர் லாக் கோப்பை அழித்தார். பகலில் சரியாக ஓடிய நிரல் இரவு பதினொரு மணிக்கு சர்வரில் பில்ட் ஆகவில்லை. ஏனென்றால் வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னக் கூரைக்குறி (^), இதைவிடப் புதியதையும் ஏற்கலாம் என்று பொருள்படுவதால், மாலையில் வெளியான புதிய வெர்ஷனை இழுத்து வந்துவிட்டது. நான்கு பேர் விடியும்வரை தேடினோம். மோதல் வந்தால் பேக்கேஜ் பட்டியலை மட்டும் கையால் சரிசெய்துவிட்டு, மறுபடி இன்ஸ்டால் கொடுத்து லாக் கோப்பைக் கருவியையே எழுதவிடுங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், லாக் கோப்பில் உள்ளபடியே நிறுவும் 'என்பிஎம் சிஐ' கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் புரொடக்‌ஷனில் பயன்படுத்தும் ஒரு நூலகத்தில் பிழை இருப்பதைத் தெரிவித்து இருபது நாள் ஆகிறது. மூன்று முறை நினைவூட்டியும் அதன் பராமரிப்பாளர் பதில் சொல்லவில்லை. இத்தகைய பொறுப்பற்றவர்கள் மீது எங்கே புகார் செய்வது? (எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: எங்கேயும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நீங்கள் அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அநேகமாக ஒரு ரூபாயும் இருக்காது. எந்த உத்தரவாதமும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதி வைத்துவிட்டு, அலுவலகம் முடிந்த பிறகு தன் வீட்டு மேசையில் வேலை செய்பவரை உங்கள் வெண்டராக நினைத்துக்கொண்டு மூன்று முறை தட்டியிருக்கிறீர்கள்.

இப்படித் தட்டுவதால் என்ன நேரும் என்பதற்கு எக்ஸ்இசட் கதை போதும். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும் அந்தக் கோப்புச் சுருக்கும் கருவியை நெடுங்காலம் ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல், வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்று முன்பின் தெரியாத சிலர் அவரை நச்சரித்தார்கள். தம் மனநலம் சரியில்லை என்றும் இது ஊதியமில்லாமல் செய்யும் வேலை என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில், ஓராண்டுக்கு மேலாகப் பொறுமையாக உதவிவந்த ஒருவருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்த உதவியாளர்தான் 2024இல் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். நச்சரித்தவை போலிக் கணக்குகள் என்றே இன்று பரவலாகக் கருதப்படுகிறது. பின்கதவை இயக்கிவைக்கும் வரி மூல நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கான டார் கோப்பில் மட்டுமே இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் குடைந்து பார்த்ததால், பெரும்பாலான சர்வர்களை எட்டுமுன் மார்ச் மாதக் கடைசியில் அது பிடிபட்டது.

உங்கள் நினைவூட்டல்களுக்கும் அந்தப் போலிக் கணக்குகளின் கடிதங்களுக்கும் தொனியில் வித்தியாசம் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் பத்து வரி நிரலை அனுப்புங்கள். முடிந்தால் திருத்தத்தையே அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் உங்கள் நிறுவனத்தைப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் காலத்தில் பழைய வெர்ஷனை லாக் கோப்பில் நிறுத்தி வையுங்கள். உங்களிடம் லாக் கோப்பு இருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி: பிப் ஒரே நூலகத்தின் பல வெர்ஷன்களை வரிசையாக இறக்கிக்கொண்டே இருக்கிறது. பழுதா? (மாணவி, ராமமூர்த்தி நகர்)

பதில்: பழுதில்லை. 2020 இறுதியில் வந்த 20.3க்கு முன்பு, ஒன்றுக்கொன்று ஒவ்வாத வெர்ஷன்களை பிப் தடுக்காமல் நிறுவிவிடும். இப்போது எல்லாருக்கும் பொருந்தும் கூட்டணியைத் தேடி ஒவ்வொன்றாகப் பின்வாங்குகிறது. இது இயல்பிலேயே கடினமான கணக்கு. வெர்ஷன் வரம்புகளைக் குறுக்கிக் கொடுங்கள், விரைவில் முடியும்.

கேள்வி: ஏஐ பரிந்துரைத்த ஒரு பேக்கேஜ் முதலில் கிடைக்கவில்லை, சில நாள் கழித்துக் கிடைத்தது. நிறுவலாமா? (எச்எஸ்ஆர் லேஅவுட்)

பதில்: கூடாது. ஏஐ கற்பனையாகச் சொல்லும் பெயர்களை மற்றவர்கள் பதிவுசெய்து பொறி வைக்க முடியும். ஏற்கெனவே நிறுவியிருந்தால், நிறுவும்போதே அதன் ஸ்கிரிப்ட் உங்கள் உரிமைகளுடன் ஓடியிருக்கக்கூடும். டோக்கன்களையும் கடவுச்சொற்களையும் இன்றே மாற்றுங்கள். சூடோவுடன் நிறுவியிருந்தால் கணினியையே புதிதாக நிறுவுங்கள்.

கேள்வி: ஆப்டுக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி பூட்டப்பட்டிருக்கிறது என்கிறது. பூட்டுக் கோப்பை அழித்துவிடவா? படம் இணைத்துள்ளேன். (அல்சூர்)

பதில்: அழிக்காதீர்கள். பெரும்பாலும் பாதுகாப்பு அப்டேட் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் விடாவிட்டால், எந்தப் புரோசஸ் பிடித்திருக்கிறது என்று பிழைச்செய்தியின் ஒரு வரியிலேயே எண்ணோடு இருக்கும். நீங்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தில் அந்த வரியை காபி டம்ளர் மறைத்திருக்கிறது.