நானோ இழை: வோல்டேஜைத் திருகுவதற்கு முன்னால்

எலக்ட்ரோஸ்பின்னிங்கில், அதாவது பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் ஊசியிலிருந்து நானோ இழையாக இழுக்கும் முறையில், எங்கே இடறுகிறது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: அண்ணா, பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால், தண்ணீரில் கரையும் பாலிமர்) 5 சதவீதக் கரைசல், 20 கிலோவோல்ட், ஊசிக்கும் இழை சேரும் தட்டுக்கும் 15 செ.மீ. செம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் இழையெல்லாம் பாசிமணி கோத்த மாதிரி இருக்கிறது. வோல்டேஜை ஏற்றட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, கரைசல் நீர்த்திருக்கிறது, அவ்வளவுதான். பாலிமர் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் அளவுக்கு அடர்த்தி இல்லாவிட்டால் பரப்பு இழுவிசை, ஊசியிலிருந்து பாயும் மெல்லிய கரைசல் தாரையை (ஜெட்டை) மணிமணியாகச் சுருட்டிவிடும். வழக்கமாக வாங்கும் பி.வி.ஏ. என்றால் 8லிருந்து 10 சதவீதம் வைத்துப் பார். அப்புறம் ஒரு டார்ச் அடித்து ஊசி முனையைப் பார்: துளி கூம்பாக நிலைத்து நிற்க வேண்டும், டெய்லர் கூம்பு என்பது அதுதான். கீழே சொட்டினால் பம்ப் வேகம் அதிகம், மணிக்கு 0.5 மி.லி.க்குக் குறை. கூம்பே ஊசிக்குள் போய்விட்டால்தான் வோல்டேஜ் அதிகம் என்று சந்தேகப்படணும்.

கேள்வி: கோடையில் நன்றாக வந்த அதே கரைசல், இப்போது தட்டில் ஈரப் படலமாக ஒட்டுகிறது. லேப் சென்னையில்.

பதில்: மழைக்காலச் சென்னையில் தண்ணீர் கரைசல் எப்படிக் காயும்? பெட்டியை மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் வைத்து, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தினமும் அதைக் குறித்தும் வையுங்கள், முக்கால்வாசிப் பேர் குறிப்பதே இல்லை.

கேள்வி: காயத்துக்கு வைக்கும் பி.வி.ஏ. விரிப்பு தண்ணீர் பட்டதும் கரைந்துவிடுகிறது. பி.சி.எல்.லுக்கு (பாலிகேப்ரோலாக்டோன், தண்ணீரில் கரையாத பாலிமர்) மாறலாமா அண்ணா?

பதில்: மாறலாம்மா, ஆனால் அது தண்ணீரை ஒட்டவிடாது, செல்களும் சரியாகப் பிடிக்காது. அதற்குப் பாலிடோபமைன் பூச்சு கொடுக்கலாம்: பி.எச். 8.5 டிரிஸ் (பி.எச். மாறாமல் காக்கும் உப்பு) கரைசலில் மி.லி.க்கு 2 மி.கி. டோபமைன் கலந்து விரிப்பை ஊறப்போட்டால், சில மணி நேரத்தில் வெள்ளை விரிப்பு பழுப்பாகும், நீர்த்துளியும் முத்தாக நிற்காமல் பரவும். ஆட்டோகிளேவில் (சூடான நீராவியால் கிருமி நீக்கும் கலம்) மட்டும் வைத்துவிடாதே, பி.சி.எல். 60 டிகிரியிலேயே உருகி வெறும் பிளாஸ்டிக் தாளாகிவிடும். பி.வி.ஏ.தான் வேண்டுமென்றால் குளூட்டரால்டிஹைடு ஆவியில் குறுக்குப் பிணைப்பு கொடு, சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுண்டு கரையாமல் நிற்கும். மிச்சம் தங்கினால் செல்லுக்கு விஷம், நன்றாகக் கழுவணும். அதற்குப் பதில் சிட்ரிக் அமிலத்தைக் கரைசலிலேயே கலந்து, விரிப்பைப் பிறகு சூடாக்குவது எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: கையுறை போட்டால் ஷாக் அடிக்காதா?

பதில்: சாதாரண லேப் கையுறையை நம்பவே கூடாது. மின்சாரத்தை அணைத்து, எர்த் கம்பியால் ஊசியையும் தட்டையும் தொட்டு மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கை வையுங்கள்.

கேள்வி: ஃபில்டர் துணி ரோல் ரோலாக வேண்டும் சார், ஊசிகளைக் கூட்டினால் போதுமா?

பதில்: பக்கத்துப் பக்கத்து ஜெட்கள் ஒன்றையொன்று தள்ளும், ஊசிகளும் அடைக்கும். செக் நாட்டின் லிபெரெட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த நானோஸ்பைடர் முறையைப் பாருங்கள். அதில் ஊசியே இல்லை, கரைசலில் தோய்ந்து சுழலும் உருளை மேலிருந்து ஜெட்கள் தானாகக் கிளம்பும்.